கமரா இருக்கிறது தம்பி, ஆட்கள்?

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருந்து கனடாவுக்கு, ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவுக்கு வந்து இன்னும் ஒரு பனிக்காலத்தைக் கூடப் பார்க்காத தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஊரில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தேன் அண்ணே. இப்போது வெயார்ஹவுஸில் இரவு வேலை. அகதி வழக்கு நடக்கிறது. இங்கே படம் எடுத்துப் பிழைக்கலாமா? பிலிம் ஸ்கூலுக்குப் போகட்டா? கொஞ்சம் காசு சேர்ந்ததும் மட்டக்களப்புக்குப் போய் என் கதையை எடுக்கலாமா?"

சொந்தப் படத்தால் பிழைக்க முடியாது, தம்பி. தன் படத்து வருமானத்தில் மட்டும் வீட்டு வாடகை கட்டுகிற நம்மவர் ஒருவரையும் எனக்கு இந்த நகரத்தில் தெரியாது. நானும் அப்படி இல்லை. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தொழில்களால் பிழைக்கலாம். நான் இத்தனை காலமும் ஓட்டியது அப்படித்தான்.

முதல் தொழில், சாமத்திய வீட்டையும் (பூப்புனித நீராட்டு விழா) கலியாணத்தையும் வீடியோ எடுப்பது. இதைச் சொன்னால் ஊரில் குறும்படப் போட்டியில் பரிசு வாங்கி வந்த பிள்ளைகளுக்கு முகம் சுருங்கும். சுருங்கத் தேவையில்லை. மண்டபத்தில் ஊதா, பச்சை என்று லைட் மாறிக்கொண்டே இருக்கும். மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். தாய்மாமன் கையைப் பிடித்துப் பிள்ளை மேடையேறும் அந்த நேரம் ஒருதரம்தான், "இன்னொருக்கா நடங்கோ" என்று கேட்க முடியாது. இதில் பழகியவனுக்கு ஆவணப்படம் எடுப்பது பெரிய வேலையாகத் தெரியாது. எந்தப் பெரியம்மா எந்தச் சின்னம்மாவோடு கதைக்காமல் நிற்கிறார் என்பதைக் கமராவுக்குள்ளால் பார்த்துப் பார்த்தே நான் வசனம் எழுதக் கற்றேன். ஒன்று மட்டும்: முற்பணம் வாங்காமல் கமராவைத் தூக்காதீர்கள். சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயம்.

அப்புறம் கணக்கு. கையில் காசாக வாங்கிச் சட்டைப்பைக்குள் வைக்கிற பழக்கம் வேண்டாம். தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் உங்கள் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்கிற விற்பனை வரிக்குப் பதிய வேண்டும். சுயதொழில்காரருக்கு வரிப் பத்திரம் போட ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய காசுக்கு ஏப்ரல் 30தான் கடைசி. பலர் இந்த இடைவெளியில் மாட்டி வட்டி கட்டுகிறார்கள்.

உங்கள் கேள்வியில் காசு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இங்கே வந்த படக்காரனுக்கு உண்மையில் இல்லாமல் போவது அதுதான். ஊரில் கதிரை வேண்டுமென்றால் பக்கத்து வீடு. வாகனம் வேண்டுமென்றால் மச்சானின் ஆட்டோ. நடிக்க ஆள் வேண்டுமென்றால் சந்தியில் நின்றவனைக் கூப்பிடலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கூத்து ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுத்து (ஆளுக்கு ஆள் பாட்டு வசனத்தைப் பிரித்துக் கொடுத்து), மாதக்கணக்காய்ப் பழக்கி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை பார்த்து), மறுகாதான் அரங்கேற்றம். ஆடுகிறவர்கள் பகலில் வயலுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் எல்லாருக்கும் பகல் ஒரே பகல், இரவு ஒரே இரவு என்பதால் கூத்துக் களரி நிறைகிறது. இங்கே உங்கள் கதாநாயகனுக்குப் பகல் சிப்ட், கதாநாயகிக்குப் பின்னேர சிப்ட், ஒலிப்பதிவாளர் சனி ஞாயிறு ஊபர் ஓட்டுகிறார். ஆறு பேர் வேண்டிய ஒரு சீனுக்கு ஆறு பேரையும் ஒன்றாக நிறுத்துவதற்கு, கதை எழுதியதை விட நெடுநாள் எடுக்கும்.

ஆகவே முதல் வருடம் உங்கள் படத்தை எடுக்காதீர்கள். மற்றவர்களின் படத்தில் வேலை செய்யுங்கள். பூம் மைக் பிடியுங்கள், லைட் தூக்குங்கள், சாப்பாடு எடுத்துக் கொடுங்கள். யாருடைய படத்துக்கு விடியற்காலையில் போய் நின்றீர்களோ அவர்தான் உங்கள் படத்துக்கு வருவார்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரின் பாதையைப் பாருங்கள். பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பூனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். அதற்குப் பிறகு 'என் கதை, என் படம்' என்று உட்கார்ந்திருக்கவில்லை. ராமு காரியாட் இயக்கி 1974இல் வந்த மலையாளப் படமான 'நெல்லு'க்குக் கமரா பிடித்தார். அவர் முதலில் இயக்கிய 'கோகிலா' 1977இல் கன்னடத்தில் வந்தது. தமிழில் அவர் இயக்கிய முதல் படமான 'அழியாத கோலங்கள்' வர 1979 ஆயிற்று. பிறந்த நாட்டை விட்டுப் போனவர், தெரியாத மொழிக்காரரின் செட்டில் கைத்தொழிலைக் காட்டி இடம் பிடித்தார். அவரின் படங்களைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டியது இந்தப் பகுதிதான்.

இங்கே அப்படி இடம் பிடிக்க எங்கே போவது? ரொறன்ரோவில் லிஃப்ட் (LIFT) என்று ஒரு கூட்டமைப்பு 1981 முதல் இயங்குகிறது. சுயாதீனப் படக்காரர்கள் தாங்களே நடத்துவது. அங்கத்தவரானால் கமரா, லைட், எடிட்டிங் அறை எல்லாம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அதை விடப் பெரிய லாபம், அங்கே பயிற்சி வகுப்புக்கு வருகிற சிலி நாட்டுக்காரரும் ஈரான் பெட்டையும் உங்களைப் போலவே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். தமிழருக்குள் மட்டும் தேடாதீர்கள். காசே இல்லையென்றால் ரொறன்ரோ நூலக அட்டை எடுங்கள். ஸ்காபரோ சிவிக் சென்ரர் கிளை போன்ற சில கிளைகளில் எடிட்டிங் கணினியும் கருவிகளும் இலவசம். பெரிய அமெரிக்கப் படப்பிடிப்புகள் இந்த நகரத்தில் நிறைய நடக்கின்றன. அவற்றில் எடுபிடி வேலைக்குச் சேர கமரா அறிவை விட ஜி லைசன்ஸ் (கார், வான் ஓட்டும் முழு அனுமதி) உதவும். வான் ஓட்டத் தெரிந்தவனை வேண்டாம் என்கிற செட் கிடையாது.

பிலிம் ஸ்கூல்? இப்போது வேண்டாம். வழக்கு வென்று 'பாதுகாக்கப்பட்டவர்' என்ற சட்ட நிலை கிடைத்த பிறகு உள்ளூர் மாணவர் கட்டணமும் ஓசாப் என்கிற மாகாண மாணவர் நிதியுதவியும் கேட்கலாம். அப்போது யோசியுங்கள்.

கிராண்ட், அதாவது கலைஞருக்குக் கொடுக்கிற உதவிப் பணம், பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கனடா கவுன்சில், ஒன்ராறியோ ஆர்ட்ஸ் கவுன்சில், ரொறன்ரோ ஆர்ட்ஸ் கவுன்சில் என்று மூன்று வாசல் இருக்கிறது. கனடா கவுன்சில் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் கேட்கும். மற்ற இரண்டின் விதிகளை நீங்களே வாசித்து, சந்தேகம் என்றால் அவர்களின் அலுவலருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். மரியாதையாகப் பதில் சொல்வார்கள். தெரிவு செய்வது பெரும்பாலும் சக கலைஞர்கள் கொண்ட குழு. அவர்களுக்கு வாவியும் தெரியாது, கண்ணகி சடங்கும் தெரியாது. அதற்காக விண்ணப்பத்தை வரலாற்றுப் பாடம் ஆக்கினால் கதை செத்துவிடும். நாலு வரியில் ஊர், மிச்சமெல்லாம் மனிதர்.

படம் முடிந்ததும் அந்தச் சந்தோஷத்தில் யூடியூப்பில் ஏற்றிவிடாதீர்கள். இணையத்தில் ஏற்கெனவே வந்த படத்தைப் பல விழாக்கள் எடுக்காது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தால் உரிமைப் பத்திரம் கேட்பார்கள். ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இங்கே கேட்பார்கள். பனிக்கால வெளிப்புறக் காட்சிக்கு பற்றரிகளைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும், அதற்கேற்ப சீன் எழுதுங்கள்.

இனி ஊருக்குப் போவது. இதில் கவனமாக இருங்கள். அகதி வழக்கு நடக்கும்போது போகவே கூடாது. வென்ற பிறகும், எந்த நாட்டுக்குப் பயந்து வந்தேன் என்று சொன்னீர்களோ அதே நாட்டுக்குப் போய் வந்தால் உங்கள் அகதிப் பாதுகாப்பு நிலையை நீக்கச் சொல்லி அரசு கேட்கலாம். 2012இல் சட்டம் மாறியதில் இருந்து அதோடு நிரந்தர வதிவிடமும் பறிபோகலாம். ஒரு படத்துக்காக அந்த விளையாட்டு வேண்டாம். குடியுரிமை கைக்கு வரும்வரை பொறுங்கள், அதற்கு முன் என்றால் உங்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

அதுவரை ஊர்க் காட்சிகளை அங்கே இருப்பவர்களைக் கொண்டு எடுக்கலாம். கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் கட்புலக் கலையும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் எடுத்த குறும்படங்களில் வேலை செய்த பெடியளும் இருப்பார்கள். ஷாட் பட்டியலை வரைந்து அனுப்புங்கள், வட்ஸ்அப்பில் நின்று பாருங்கள், ட்ரோன் பறக்க விடுவதென்றால் அங்கே சிவில் விமான அதிகாரசபையின் அனுமதி எடுக்கச் சொல்லுங்கள். "கனடாவில் இருந்து அண்ணன் கேட்டார்" என்று சும்மா செய்ய விடாதீர்கள். நாள் கூலியை முன்கூட்டியே பேசி, பாதியை வேலைக்கு முன்பே அனுப்பி, படத்தில் ஒளிப்பதிவு என்று அவர்களின் பெயரையே போடுங்கள்.