'எத்தனை பீஸ்?' என்று முதலில் கேட்காதீர்கள்

கேள்வி: வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினீயராக இருக்கிறேன். ஆபரேட்டர்களுக்குத் தரத்தில் அக்கறையே இல்லை. கெட்டுப்போன பீஸை மறைத்துவிடுகிறார்கள். கஸ்டமர் புகார் வந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. எவ்வளவு திட்டியும் திருந்தவில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: 'எவ்வளவு திட்டியும்' என்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

நானும் ஷாப் ஃப்ளோரில் திட்டிக்கொண்டு திரிந்தவன்தான். ஒருநாள் காலை, ராத்திரி ஷிப்ட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மணிக்கொரு தரம் பீஸில் குடைந்த துளையின் (போர்) அளவை எடுத்து ஆபரேட்டர் எழுத வேண்டும். எட்டு அளவும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், டாலரன்ஸுக்கு, அதாவது அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்கு, நட்டநடுவில்! ஷிப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதியது. டூலின் வெட்டுமுனை (இன்செர்ட்) தேய்ந்தது ரெண்டு மணிக்கே அந்த ஆபரேட்டருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நிறுத்தினா கணக்கு குறையும். காலைல நீங்க அதைத்தானே சார் முதல்ல கேப்பீங்க?" என்றார். வாயடைத்துப் போனேன்.

ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அதே யோசனைதான் பின்னால் அவர் குடும்பத்தின் டொயோட்டா கார் ஆலையில் கயிறாகத் தொங்கியது: கோளாறைப் பார்த்த தொழிலாளி இழுக்கலாம், மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். கலிஃபோர்னியாவில் ஃபிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலை, தரத்துக்கும் வருகைக்கும் பேர் கெட்டது. டொயோட்டாவோடு கூட்டாக 1984இல் திறந்தபோது பெரும்பாலும் அதே தொழிலாளர்கள்தான். தரம் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. நம்மூரிலும் பாருங்கள்: சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசை வாங்கியபோது, ஆட்களை ஜப்பானிலிருந்தா கூட்டி வந்தார்கள்?

நாளையிலிருந்து ஷிப்ட் மாறும்போது, "என்ன தொந்தரவு இருந்துச்சு?" என்று முதலில் கேளுங்கள். கணக்கு அப்புறம். யாராவது கெட்ட பீஸோடு வந்தால், "நல்லவேளை சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, ஆளைப் பார்க்காமல் டூலைப் போய்ப் பாருங்கள். முதல் தடவை நம்ப மாட்டார்கள், பரவாயில்லை.

இன்னொன்று. மறைத்ததெல்லாம் வெளியே வருவதால் முதல் மாதம் ரிஜெக்‌ஷன் கணக்கு ஏறும். உங்கள் மேனேஜர் குதிப்பார். இந்த வாரமே அவரிடம் போய்ச் சொல்லி வையுங்கள்.