எர்னி வைஸ் ஒத்து ஊதியவரா?

கேள்வி: பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற மோர்கம் - வைஸ் நகைச்சுவை இரட்டையரில் சிரிக்க வைத்தவர் எரிக் மோர்கம் ஒருவர்தானே? எர்னி வைஸ் அவருக்கு ஒத்து ஊதியதைத் தவிர வேறென்ன செய்தார்?

பதில்: பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள், எர்னிக்கு இழைக்கப்படும் அநீதி இது. யார்க்‌ஷர் தொழிலாளர் மன்றங்களில் தந்தையோடு ஆடிப் பாடி வளர்ந்த எர்னி, எரிக்கைச் சந்தித்தபோதே லண்டன் மேடை கண்ட சிறுவர் நட்சத்திரம். இருவரும் சேர்ந்து பயணித்த சிறுவர் கலைக்குழுவுக்கு எரிக்தான் புதியவர். இருவரையும் சேர்ந்து ஆடச் சொன்னவர் எரிக்கின் தாய் சேடி. 1941இல் லிவர்பூல் எம்பயர் அரங்கில் இரட்டையராக முதன்முதலில் மேடையேறியபோது இருவருக்கும் வயது 15.

தொலைக்காட்சி அவர்களை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1954இல் பிபிசியில் வந்த முதல் தொடர் படுதோல்வி அடைந்தது. தொலைக்காட்சிப் பெட்டி என்பது இவர்களைப் புதைத்த பெட்டி என்று ஒரு பத்திரிகை எழுத, அந்தத் துண்டை எரிக் பல ஆண்டுகள் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். 1961 முதல் ஏடிவி என்ற தனியார் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக டிக் ஹில்ஸ், சிட் கிரீன் ஆகியோர் எழுதிய தொடர்தான் அவர்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்தக் காலத்து எர்னியை மட்டும் பார்த்தால் உங்கள் கருத்தில் ஓரளவு நியாயம் உண்டு.

1968இல் இருவரும் பிபிசிக்குத் திரும்பினார்கள். அவ்வாண்டு நவம்பரில், 42 வயதிலேயே, எரிக்குக்கு மாரடைப்பு வந்தது. பழைய எழுத்தாளர்களும் விலகிச் சென்றார்கள். அந்த இடத்துக்கு வந்த லிவர்பூல்காரரான எடி பிரேபன், இருவரும் மேடைக்கு வெளியே ஒருவர்மீது ஒருவர் வைத்திருந்த பாசத்தைக் கண்டு, அதையே காட்சிகளின் அடித்தளமாக்கினார். ஒரே வீடு, ஒரே கட்டில் என்றபோது எரிக் தயங்கினார். லாரலும் ஹார்டியும் அப்படித்தானே படுத்தார்கள் என்று பிரேபன் சொன்ன பிறகே இசைந்தார். எர்னிக்கோ ஒரு முழு மனிதனையே எழுதிக் கொடுத்தார்: தன்னை மாபெரும் நாடகாசிரியனாக நம்பும், தற்பெருமையும் கஞ்சத்தனமும் கொண்ட ஒரு வெள்ளந்தி. 1971இல் நடிகை கிளென்டா ஜாக்சன் கிளியோபாட்ராவாக வந்து நின்றது அந்த எர்னி 'எழுதிய' நாடகத்தில்தான். தன் எழுத்தின் மேன்மையில் அவர் வைத்திருக்கும் நம்பிக்கை துளி குறைந்தாலும், எரிக்கின் குறும்பு கலைத்துப் போட அங்கே ஒன்றுமே இருக்காது. அந்த நம்பிக்கையைக் கண் சிமிட்டாமல் ஆண்டுக்கணக்கில் நடித்துக் காட்டுவது, என் கணிப்பில், சிரிப்பை வாங்கிக்கொள்வதைவிடக் கடினமான வேலை. எர்னியை எரிக் ஓயாமல் கிண்டல் செய்வார். ஆனால் வெளியாள் ஒருவர் அதே கிண்டலைச் செய்தால் சீறிவிடுவார். இந்த உறவு ஒருவரால் மட்டும் உருவாகக் கூடியதா?

1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஆந்த்ரே பிரெவின் இசைக்குழுவை நடத்த, இசையமைப்பாளர் கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவை (இசைக்குழுவோடு பியானோ வாசிக்கும் படைப்பு) எரிக் கெடுத்து வாசித்ததைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். சரியான சுரங்களைத்தான் வாசிக்கிறேன், சரியான வரிசையில்தான் இல்லை என்று பிரெவினின் கோட்டைப் பிடித்துக்கொண்டு எரிக் வாதாடும்போது, பக்கத்தில் நிற்கும் எர்னியையும் ஒருமுறை பாருங்கள். அந்த வாசிப்பில் ஒரு குறையும் காணாமல் நண்பனின் பக்கமே நிற்கிறார். அடுத்து 1976 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைப் பாருங்கள். 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் படத்தின் பெயர்பெற்ற மழை நடனத்தை, மழையே இல்லாமல், அடிபிறழாமல் ஆடுகிறவர் எர்னி. தண்ணீர் முழுவதும் போலீஸ்காரராக வரும் எரிக்கின் தலையில் விழுகிறது.