அப்பா அம்மாவுக்கு வீட்டில் மாத்திரை கொடுப்பதில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?

ஒரே மருந்தை இரண்டு பெயரில் அப்பாவுக்குக் கொடுத்தேன். மூன்று நாள் தொடர்ந்து.

நான் டாக்டர் இல்லை, மருந்துக் கடைக்காரனும் இல்லை. சுகர், பி.பி., தைராய்டு எல்லாம் குடியிருக்கும் ஒரு வீட்டின் மகன், அவ்வளவுதான். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அப்போது 74 வயது. கால் புண் ஆறாமல் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு பை மருந்து. வீட்டு அலமாரியில் எங்கள் ஊர் டாக்டர் வழக்கமாக எழுதித் தரும் மாத்திரைகள் ஏற்கெனவே இருந்தன. ஆஸ்பத்திரிப் பையில் இருப்பது புண்ணுக்கு, அலமாரியில் இருப்பது சுகருக்கு என்று நானாகவே பிரித்துக்கொண்டேன். இரண்டையும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தேன். பொறுப்பான பிள்ளை என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பின்னிரவு மூன்று மணி இருக்கும். அம்மா வந்து எழுப்பினார். "அப்பா என்னமோ உளர்றாருடா. பனியனெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு." போய்ப் பார்த்தால், இறந்துபோன பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கை நடுங்குகிறது. எனக்குப் பக்கவாதமோ என்று பயம். என் மனைவிதான் சுகர் பார்க்கும் மிஷினை எடுத்து வந்து விரலில் குத்தினாள். 46.

எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. உடனே நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். அவருக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் கொடுத்தோம். நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 80-ஐத் தாண்டியிருந்தது. ஆள் தெளிந்து, "எதுக்கு எல்லாரும் முழிச்சிட்டு இருக்கீங்க" என்றார். சரியாகிவிட்டது என்று நான் படுக்கப் போயிருப்பேன். மனைவி விடவில்லை, ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னாள். போகிற வழியிலேயே அவருக்கு மறுபடி வேர்க்க ஆரம்பித்தது.

இரவு டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையும் கொண்டுவாங்க, ஒண்ணு விடாம" என்றார். மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போனேன். மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர், இரண்டு அட்டைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை. பெயரில் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டிலும் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற அதே இரண்டு சுகர் மருந்துகள். ஒன்றில் கிளிமிபிரைடு 1 மி.கி., மற்றதில் 2 மி.கி. புண் இருந்ததால் அளவைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். பழையதை நிறுத்தச் சொல்லி சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியும் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து கிளிமிபிரைடு. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அதன் தாக்கம் இன்னும் நீளும். அதனால்தான் சர்க்கரைத் தண்ணீரில் ஏறியது மறுபடி இறங்கியது. அந்த வகை மாத்திரை போடுகிறவருக்கு ஒருமுறை தாழ்ந்து சரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாத்திரையைப் பட்டப்பெயரில் கூப்பிடுவதில்லை. "நீல அட்டை", "பெரிய வெள்ளை", "டாக்டரம்மா கொடுத்தது" எல்லாம் போயிற்று. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எந்த வேளை என்று நான்கையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரிடம்கூட, அந்தத் தாள் கூடவே வரும். புது அட்டை வீட்டுக்குள் வந்தால் முதலில் அதோடு ஒப்பிடுவோம். கடையில் "அந்தக் கம்பெனி இல்ல சார், இதுவும் அதேதான்" என்று வேறு அட்டை கொடுத்தால் தப்பில்லை. ஆனால் அதேதானா, அதே அளவுதானா என்று பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.

படிக்க ஆரம்பித்த பிறகு எத்தனையோ கண்ணில் பட்டன. காய்ச்சலுக்கு டோலோ 650 போட்டுக்கொண்டே சளிக்கு ஒரு மாத்திரையும் போடுவோம் இல்லையா? அந்தச் சளி மாத்திரைகள் பலவற்றிலும் டோலோவில் இருக்கிற அதே பாராசிட்டமால்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் உச்ச வரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடிப்பவர்கள், மெலிந்த வயதானவர்களுக்கு அதுவே அதிகம். குழந்தைகள் சிரப் இன்னும் மோசம். ஒரே பாராசிட்டமால் 5 மில்லிக்கு 120 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100 மி.கி. "போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தோம்" என்று வேறு பாட்டிலிலிருந்து அதே ஐந்து மில்லி கொடுத்தால் இரண்டு மடங்கு உள்ளே போகும். சொட்டு மருந்தைப் போய் ஐந்து மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு.

நேரம் என்பது தனிக் கதை. அம்மாவுக்குத் தைராய்டு. ரத்தம் எடுக்கும்போதெல்லாம் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு போதாதபோது ரத்தத்தில் கூடுவது) கூடியே இருக்கும், டாக்டரும் மாத்திரையின் அளவை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கினார், 75-ஐ 100 ஆக்கினார். ஒருநாள், "மாத்திரையை எதோட போடுறீங்கம்மா?" என்று கேட்டார். "ஃபில்டர் காபியோடதான்" என்றார் அம்மா, ஏதோ பிரசாதம் போல. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபியைத் தொடக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இப்போது அம்மா ஐந்து மணிக்கே எழுந்து போட்டுவிட்டு, கோலம் போட்டு முடித்து, ஆறு மணிக்குக் காபி குடிக்கிறார். கூட்டிய அளவைப் பிறகு குறைக்க வேண்டி வந்தது.

சாப்பாட்டுக்கு முன் என்று எழுதிய சுகர் மாத்திரைக்குக் கல்யாண மண்டபம் ஓர் ஆபத்தான இடம். அப்பா பன்னிரண்டரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பந்திக்குப் போவார், முதல் பந்தி நிறைந்திருக்கும். இலையில் உட்கார இரண்டு மணியாகும். இப்போது உட்கார்ந்து இலை போட்ட பிறகுதான் சட்டைப் பையில் கை போகும். விரதமும் அப்படித்தான். அம்மாவாசை, சஷ்டி என்று சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை விடாமல் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. நோன்பு வைக்கும் நண்பர் ஒருவர் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து வேளையையும் அளவையும் மாற்றி எழுதி வாங்கிவிடுகிறார். நம் வீட்டு விரதங்களுக்கு அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விழுங்க முடியவில்லை என்று பொடித்துத் தயிர் சாதத்தில் கலக்கிற பழக்கமும் எங்கள் வீட்டில் இருந்தது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து அது. பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். அந்த வகை மெட்ஃபார்மினின் வெற்றுக்கூடு சில சமயம் மலத்தில் அப்படியே வரும். அதைப் பார்த்துவிட்டு, "மாத்திரை கரையவே இல்ல, இன்னொண்ணு போடவா" என்று அப்பா ஒருநாள் கேட்டார். நல்லவேளை, கேட்டார்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தெரியாமல் தினமும் போட்டு உயிரே போனவர்கள் உண்டு. என் சித்தி அதைப் போடுகிறார். தினசரிக் காலண்டரில் எல்லா வெள்ளிக்கிழமைத் தாளிலும் சித்தப்பா வருட ஆரம்பத்திலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார். மாத்திரையை வைத்திருப்பதும் அவர்தான்.

பழைய அட்டையில் மிச்சம் இருந்தால்? கடையில் கத்தரித்துக் கொடுக்கும்போது காலாவதி தேதி அச்சிட்ட முனை பெரும்பாலும் போய்விடுகிறது. அந்த முனையோடு கேட்டு வாங்கி, எதிர் முனையிலிருந்து மாத்திரையை எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு நாள் டப்பாவை நிரப்புவது என் வேலை. தைராய்டு மாத்திரை மட்டும் அதன் பாட்டிலிலேயே இருக்கும். "போட்டேனா, போடலையா" என்ற சந்தேகத்துக்கு டப்பாதான் பதில்: அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. டப்பா இல்லாமல் வெளியூரில் அந்தச் சந்தேகம் வந்தால், சுகர் மாத்திரையை இரண்டாம் முறை போடாமல் விடுவது என்று எங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு என் டப்பா மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நான் நிரப்பி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டைகளைத் திருப்பிப் பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்து, ஒவ்வோர் அறையாகச் சரிபார்க்கிறார். போன மாதம் ஒரு புதன்கிழமையில் பி.பி. மாத்திரை இரண்டு கிடந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான்.