ஒற்றைக் கை ஸ்வெட்டர்

கேள்வி: 1994ஆம் ஆண்டு டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருந்தபோது, ஏழு வயது மகனுக்காக மயில் நீல நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினேன். முதுகும் மார்பும் ஒரு கையும் முடிந்த நிலையில் வெயில் காலம் வந்துவிட, அது டிரங்குப் பெட்டிக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. இப்போது பெங்களூரில் இருக்கும் ஆறு வயதுப் பேரனுக்காக, கிட்டத்தட்ட அதே நிறத்தில் நூல் வாங்கி இரண்டாவது கையைப் பின்ன உட்கார்ந்தேன். அதே எட்டாம் நம்பர் ஊசி, அதில் ஏற்றும் நூல் வளையமும் அதே அறுபது கண்ணி. ஆனாலும் புதிய கை அகலமாகவே வருகிறது. மூன்று முறை பிரித்துவிட்டேன். எங்கே பிழை?
— வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: கணக்கில் பிழையில்லை அம்மா, உங்கள் கைதான் மாறிவிட்டது. கண்ணியை இழுக்கும் இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஆளுக்கும் காலப்போக்கில் அது வேறுபடும் என்பது இப்படி மூன்று முறை பிரித்த பிறகுதான் புரிகிறது. குளிர்கால மதிய இடைவேளையில், அலுவலகப் புல்வெளியில், பக்கத்து இருக்கைப் பஞ்சாபி அம்மாளிடம் "உல்டா, சீதா" (எதிர்க் கண்ணி, நேர்க் கண்ணி) கேட்டுக்கொண்டே பின்னிய கையும், இன்று மின்விசிறியின் கீழ் சாவகாசமாகப் பின்னும் கையும் ஒன்றல்ல.

ஸ்வெட்டரின் பழைய கையை நனைத்து, இழுக்காமல் விரித்து உலர்த்திவிட்டு, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணுங்கள். அதில் 22 கண்ணியும் புதியதில் 20 கண்ணியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். ஆனால் அறுபது கண்ணிக்குப் பழைய கை 27 சென்டிமீட்டர் சுற்றளவு வரும், புதியதோ 30ஐத் தொட்டுவிடும். எட்டாம் நம்பர் ஊசி நான்கு மில்லிமீட்டர். அதைவிட மெல்லிய ஒன்பதாம் நம்பருக்கு மாறிப் பாருங்கள். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை மறந்து ஏழாம் நம்பரை வாங்கிவந்தால், பேரனின் கைக்குப் பதில் பேரனே அதற்குள் நுழைந்துவிடுவான்.

அகலத்தைச் சரிசெய்தாலும் நிறம் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்றாலும், சாயத் தொட்டி மாறினால் சாயல் மாறும். அதற்காகத்தான் லேபிளில் லாட் எண் போடுகிறார்கள். எனவே நான் சொல்லப்போவதைக் கேட்டு இந்த இதழை வீசியெறிந்தாலும் பரவாயில்லை: முடிந்திருக்கும் அந்த முதல் கையையும் பிரித்துவிடுங்கள். இரண்டு உருண்டைப் புது நூலை எடுத்து, இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் பக்கம் பக்கமாக ஏற்றிப் பின்னினால் அகலமும் நீளமும் தாமாகவே ஒத்துப்போகும், இரண்டாவது கை என்ற ஒன்றே பாக்கி இருக்காது. நிறமும் துணிந்து வேறாகவே, கடுகு மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்கட்டும். வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

பிரித்த நீல நூல் சேமியா போலச் சுருண்டு நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். கழுத்துப் பட்டிக்கு ஆகும். தொடங்குமுன் பேரனின் அளவை ஒருமுறை எடுத்துவிடுங்கள். அவன் உங்கள் ஊசிக்காகக் காத்திருக்க மாட்டான்.

கேள்வி: பாதியில் விட்ட சால்வையில் அந்து விழுந்து ஓட்டை போட்டிருக்கிறது. காப்பாற்ற முடியுமா?
— வாசகி, குன்னூர்

பதில்: பறக்கும் பூச்சியை அடித்துப் பயனில்லை, கம்பளியைத் தின்பது அதன் புழு. சால்வையைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஐஸ்கிரீம் தேடிப் போனவர் உல்லன் நூலோடு திரும்பிவந்து கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, ஓட்டையை அடைப்பதைவிடக் கடினம். ஓட்டைக்கு மேலுள்ள நல்ல வரிசையில் மெல்லிய ஊசியால் கண்ணிகளைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பகுதியைத் தனியே பிரிக்கலாம். ஓட்டைகள் பத்துக்கு மேல் இருந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: முடிக்காத பின்னல்கள் எத்தனை இருக்கும்வரை புதிதாக ஒன்றைத் தொடங்கலாம்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஊசி மிச்சமிருக்கும்வரை என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தேன். போன மாதம் மூன்றாவது ஜோடி எட்டாம் நம்பர் ஊசி வாங்கினேன். முதல் ஜோடியில் ஒரு கழுத்துப் பட்டியும், இரண்டாவதில் யாருக்காகத் தொடங்கினேன் என்றே நினைவில்லாத ஒரு முதுகும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.