இணைப்புக் கோட்டில் மட்டும் மேல்பூச்சு வெடிக்கிறதென்றால்

கண்ணாடி இழைப் பலகைகளால் ஆன உங்கள் பாலத் தளத்தில், பலகைகள் சேரும் கோட்டில் மேல்பூச்சு வெடிக்கிறது, தார் போட்டு மூடலாமா என்று கேட்கிறீர்கள். சூடான தார்க்கலவை போட்டு மூட வேண்டாம். அது 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறங்கும். பலகையில் இழைகளைப் பிணைத்திருக்கும் வினைல் எஸ்டர் பிசின் 100–120 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். விரிசலும் சில மாதத்தில் தாருக்கு மேலே வந்து நிற்கும்.

மேல்பூச்சான 10 மி.மீ. பாலிமர் கான்கிரீட் (சிமெண்டுக்குப் பதில் பிசின் சேர்த்த கலவை) மற்ற இடங்களில் உறுதியாக இருந்து, பலகை இணைப்புகளுக்கு நேர்மேலே மட்டும் வெடிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பூச்சில் இல்லை. பெரும்பாலும் இணைப்புப் பசை விட்டிருக்கும். சக்கரம் ஏறும்போது ஒரு பலகை மட்டும் தாழ்கிறது. கண்ணாடி இழைப் பலகையின் விறைப்பு எஃகில் பத்தில் ஒரு பங்குதான், கொஞ்சம் விட்டாலே அசைவு தெரியும்.

1. இணைப்பின் இருபுறமும் அடியில் டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்து, அனுமதித்த எடைக்குள் ஒரு லாரியை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு முள் மட்டும் முந்தி நகர்ந்தால் பசைதான் காரணம்.
2. விரிசலைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, வெற்று ஒலி கேட்கும் இடம்வரை சாக்பீஸால் கோடு போடுங்கள். அதை மட்டும் வெட்டியெடுத்து, இணைப்பை ஒட்டிய பிறகே புதுப் பூச்சு. மணல்வீச்சில் பலகையின் பளபளப்பு போனால் போதும். இழை வெளியே தெரிந்தால் ஈரம் இறங்கும்.

இரண்டு முள்ளும் சேர்ந்தே அதிகம் இறங்கினால் விஷயம் வேறு: உத்திரத்தோடு பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். வடிவமைப்புப் பொறியாளர் பார்க்கும்வரை கனரக வண்டிகளை நிறுத்துங்கள்.