படம் எடுக்கும்போது கை நடுங்குகிறது, நரம்புக் கோளாறா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 46. விடியற்காலையில் பறவைகளைப் படம் எடுக்கப் போவது வழக்கம். 50 எம்எம் லென்ஸ் வைத்திருந்தவரை பிரச்சினை இல்லை. நான்கு மாதம் முன்பு 400 எம்எம் லென்ஸ் வாங்கினேன், அதிலிருந்து பாதிப் படங்கள் கலங்கலாக வருகின்றன. கையை நீட்டிப் பார்த்தால் விரல்கள் லேசாக நடுங்குகின்றன. மூச்சை இறுக்கிப் பிடித்தும் பயனில்லை. ஆஸ்துமா இருப்பதால் தினமும் காலையில் சால்பியூட்டமால் இன்ஹேலரை இழுத்துவிட்டு, வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். இது பார்க்கின்சன் நோயின் தொடக்கமா? நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை போடலாம் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம், ஒன்றுகூட போடாதீர்கள். ப்ரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்; அதோடு, உங்கள் இன்ஹேலர் எந்த வழியாக வேலை செய்கிறதோ அதே வழியை இந்த மாத்திரை அடைத்துவிடுவதால், மூச்சுத் திணறும் நேரத்தில் இன்ஹேலரை இழுத்தாலும் சரியாகப் பலன் தராமல் போகலாம். நடுக்கத்தைக் குறைக்கும் என்று நண்பர் சொன்னது உண்மைதான். அதனால்தான் துப்பாக்கி சுடும் போட்டிகளில் அதற்குத் தடை இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் கிம் ஜோங் சூ இரண்டு பதக்கங்களை இழந்ததும் இந்த மருந்தால்தான். ஆனால் உங்கள் உடம்புக்கு அது ஆகாது.

சரி, நடுக்கத்துக்கு வருவோம். கையை நேராக நீட்டி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், தாளின் ஓரம் படபடவென்று அதிரும். வீட்டில் நல்ல ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரையும் இதையே செய்யச் சொல்லுங்கள், அவர் கையிலும் தாள் அதிரும். மனிதர் எல்லோருடைய கையும் நொடிக்குச் சுமார் 8 முதல் 12 தடவை நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 50 எம்எம்மில் தெரியாத அதே அசைவை 400 எம்எம் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அதற்கு மேல் அந்த லென்ஸின் எடை வேறு. தசை களைக்கக் களைக்க நடுக்கம் கூடும்.

உங்கள் காலை நேரத்தைப் பாருங்கள். சால்பியூட்டமால் நுரையீரலோடு நிற்காது, கைத்தசைகளையும் தூண்டும். இழுத்த சில நிமிடங்களில் விரல் நடுக்கம் தொடங்கி ஓரிரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். அதன்மேல் காபி, வெறும் வயிறு, அரைத் தூக்கம். எல்லாம் சேர்ந்து நடுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்! காபியைத் திரும்பி வந்து குடியுங்கள், ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது நடுக்கம் இல்லை, 'தினமும் காலையில்' என்ற அந்த வார்த்தைதான். மூச்சுத் திணறலுக்காக இந்த இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். தடுப்பு இன்ஹேலர் பற்றி உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். ஆஸ்துமா அடங்கினால் சால்பியூட்டமாலின் தேவையும் குறையும், கையும் தானாக நிதானப்படும்.

பார்க்கின்சன் நடுக்கத்தின் முகமே வேறு. கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் அது பெரும்பாலும் தெரியும், ஒரு பக்கத்தில் தொடங்கும், எதையாவது எடுக்கப் போனால் குறையும். கூடவே அசைவுகள் மெதுவாகும், கையெழுத்து வரவர சிறுத்துப்போகும். உங்களுக்கு நீட்டிய கையில் லேசாகத்தான் இருக்கிறது. கேமரா இல்லாத நேரத்திலும் தம்ளரைத் தூக்கும்போது தளும்புகிறது, கையெழுத்துக் கோணுகிறது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டு என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எடை குறைவது, படபடப்பு, அதிக வியர்வை இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் மூச்சு. இறுக்கிப் பிடிப்பதுதான் தப்பு. நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால் கழுத்தும் தோளும் விறைக்கும், சில நொடிகளில் இதயம் இடிப்பது கேமராவிலேயே தெரியும். சாதாரணமாக மூச்சை விடுங்கள்; விட்டு முடித்ததும், அடுத்த மூச்சு தொடங்கும் முன் உடம்பு தானாகவே ஒரு கணம் ஓய்கிறது பாருங்கள், அந்த இடத்தில் பட்டனை அழுத்துங்கள். வெடுக்கென்று குத்தாமல், விரல் நுனியை மெல்ல அமுக்கிக்கொண்டே போக வேண்டும். மேடு ஏறி வந்த கையோடு எடுக்காமல் நாடித்துடிப்பு அடங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள்.

முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் புருவத்தில் பதிந்திருக்கட்டும், கால்களை விரித்து ஒன்றைச் சற்று முன்னால் வையுங்கள். மரமோ சுவரோ கிடைத்தால் கூச்சப்படாமல் சாய்ந்துவிடுங்கள். கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பறவைக்காகக் காத்திருக்க வேண்டாம், கை களைத்துவிடும். இறக்கி வைத்திருந்து, பறவை வந்ததும் தூக்குங்கள்.

எந்த ஷட்டர் வேகத்தில், அதாவது கேமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடும்படி வைத்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கையில் பிடித்து எடுக்கும்போது 400 எம்எம்முக்குக் குறைந்தது 1/400 நொடி வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் சிறியது என்றால் 1/600க்கு மேல். அசையாத ஒரு பொருளை 1/125, 1/1000 இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். 1/1000 தெளிவாக வந்தால் காரணம் அசைவுதான், நான் சொன்னதெல்லாம் உதவும். அதுவும் கலங்கல் என்றால் கையை விட்டுவிட்டு ஃபோகஸைச் சரிபாருங்கள். கையால் ஃபோகஸ் செய்பவர் என்றால், 46 வயதில் ஒருமுறை கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.