மாங்குளத்தில் பாமசி போட நினைக்கும் தகப்பனுக்கு

ஐயா, மகள் பி.பாம் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, மாங்குளம் சந்திப் பக்கம் கடை பார்த்தாயிற்று, இந்த நேரத்தில் முகாமைத்துவ கோர்ஸ் ஒன்றும் படிக்கப் போகிறேன் என்கிறாள், மருந்து படிக்கிறவளுக்கு அது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். படிக்க விடுங்கள். மருந்துப் படிப்பும் மருந்தாளர் பதிவும் கடை திறக்க உதவும். திறந்த கடையை ஓட்டுவது வேறு வேலை.

உயர்தரத்தில் வணிகக்கல்வி படித்த பிள்ளையிடம் முகாமைத்துவம் என்றால் என்னென்ன வேலை என்று கேட்டால் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்று ஒரே மூச்சில் ஒப்புவிக்கும். முகாமை வேலையை இப்படிப் பகுதிகளாக முதலில் வகுத்துக் காட்டியவர் ஹென்றி ஃபயோல். பிரான்சில் சுரங்கக் கொம்பனி நடத்தியவர், 1916இல் எழுதினார். நிலக்கரிக்குச் சொன்னது குளிசைக்கும் சரிவருகிறது.

சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்போமின் 500ஐ எடுங்கள். உங்களிடம் வாடிக்கையாக 20 பேர் வாங்குகிறார்கள், ஆளுக்கு நாளுக்கு இரண்டு என்று வைப்போம். நாளுக்கு 40 குளிசை. ஏஜென்டின் வான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தால் 560 வேண்டும். மாரியில் வெள்ளம் வந்து வான் பிந்தினால் சமாளிக்க இன்னொரு கிழமைக்கு 280. ஆக, வான் வந்துபோகும் அன்று இறாக்கையில் 840 இருக்க வேண்டும். இதுதான் திட்டமிடல். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் சனம் முதலில் போவது அரச ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத்தான், அங்கே மருந்து சும்மா கிடைக்கும். அங்கே ஒரு மருந்து முடிந்தால் உங்கள் கடைக்கு ஒரேயடியாக ஆள் வரும், அங்கே மருந்து திரும்ப வந்துவிட்டால் நீங்கள் அள்ளிப்போட்டது அப்படியே கிடக்கும். கிளினிக் நாள் எது, அங்கே எது தட்டுப்பாடு என்று விசாரிக்காமல் ஓர்டர் போடக்கூடாது.

ஒழுங்கமைத்தலில் இறாக்கை அடுக்குவது சின்ன விஷயம். மெட்போமினையும் மெட்ரோனிடசோல் என்ற வேறு மருந்தையும் பக்கத்தில் வைக்காதீர்கள், பெயர் ஒத்திருப்பதால் கை மாறிவிடும், முதலில் காலாவதியாவதை முன்னுக்கு வையுங்கள், அவ்வளவுதான். பெரிய விஷயம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. காசு போடுபவர் நீங்கள், பதிவு மகளுடையது. மருந்து விஷயத்தில் கடைசிச் சொல் யாருடையது? மகளுடையதாகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் டொக்டரின் துண்டு இல்லாமல் வந்து “போனமுறை தந்த அதே கப்சூலில் நாலு தாங்கோ” என்று அன்ரிபயோட்டிக் கேட்பார். பிள்ளை மாட்டேன் என்பாள். கல்லாவில் இருக்கும் நீங்கள் “எங்கட ஆள்தானே, குடு பிள்ளை” என்றால், வேலைக்கு வைத்த பெடியன் அடுத்த நாள் தானே எடுத்துக் கொடுப்பான். நெறிப்படுத்தல் என்று தனியாக நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

அப்புறம், பதிவுபெற்ற மருந்தாளர் இல்லாமல் பாமசி நடத்த முடியாது. மகளுக்கு அரச நியமனம் கிடைத்தால், கலியாணமாகி வேறு ஊருக்குப் போனால், கடைக்கு யார்? அதற்குப் பதில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டுப்படுத்தலில்தான் பல கடைகள் சறுக்குகின்றன. இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. வன்னி வெயிலில் கரண்ட் நின்றால் குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து எழுதிவைத்தால்தான் தெரியும். காலாவதியாகப்போகும் மருந்தை எத்தனை மாதம் முன்னர் கொடுத்தால் திருப்பி எடுப்பார்கள் என்பதற்கு ஏஜென்டுக்கு ஏஜென்ட் ஒவ்வொரு கணக்கு. ஓர்டர் போடும்போதே கேட்டு எழுதுங்கள். கடன் கொப்பி இன்னொன்று. காலபோகம் அறுத்ததும் தருகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை, ஆனால் வயல் அறுப்பது தை மாசியில், நீங்கள் ஏஜென்டுக்குக் கொடுத்த செக் மார்கழியிலேயே பாங்குக்குப் போய்விடும். ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை வைத்து, கிழமைக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

மகள் பட்டம் முடித்துப் பதிவும் எடுத்த பிறகு ஒரு வருஷமாவது கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சனம் கூடிய பாமசி ஒன்றில் சம்பளத்துக்கு நிற்கட்டும். வாடிக்கையாளருக்கு மருந்து கொடுப்பதோடு ஓர்டர் போடுவதையும் மாதக்கடைசியில் ஸ்டொக் எண்ணுவதையும் தன்னிடம் தரச்சொல்லிக் கேட்கட்டும். அதுவரை மாங்குளம் கடைக்காரரிடம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்கமாட்டார் என்றால் வேறு கடை கிடைக்கும்.